நீலச் சட்டைகள்

தூக்கத்திலேயே எனக்குத் தலை பின்னி முடிந்திருக்கும். தண்ணீரில் நனைத்த சீப்பின் பற்கள் உச்சியிலிருந்து பிடரி வரைக்கும் சில்லென்று இறங்குவதும், நான் சாய்ந்துவிடாதபடி அம்மாவின் முழங்கால்கள் இரண்டும் என் தோள்களை இருபுறமும் அணைத்துப் பிடித்திருப்பதும், எங்கோ சாலையில் கம்பெனிப் பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டு போவதும் கனவுக்கும் விழிப்புக்கும் நடுவே எனக்குத் தெரியும். ஆனால் கண்ணைத் திறக்கமாட்டேன். நன்றாக விழித்துக்கொள்ளும்போது இரட்டைச் சடை மடித்துக் கட்டியிருக்கும், ரிப்பனின் இறுக்கத்தில் நெற்றித் தோல் மேலே இழுக்கும், அம்மா இருக்கமாட்டாள்.

அப்போது நாங்கள் ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு "லைன் வீட்டில்" குடியிருந்தோம். ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு ரயில்பெட்டி மாதிரி வரிசையாக நிற்கும் ஒற்றை அறை வீடுகளுக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். அப்பாவுக்குக் கார் இருக்கைகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பெட்டி படுக்கையோடு வந்து இறங்கியவர்கள் நாங்கள். அவருக்கு வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். "ஏ ஷிப்ட்" என்றால் நாங்கள் எழுந்திருக்கும் முன்னே போய்விடுவார். "பி ஷிப்ட்" என்றால் நான் பள்ளிவிட்டு வரும்போது இருக்கமாட்டார். "சி ஷிப்ட்" வாரத்தில் பகலெல்லாம் வீட்டில்தான் இருப்பார், ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து உறங்கியபடி. "சத்தங் காட்டாம இருங்க, அப்பா உறங்குதாக" என்பதுதான் அந்த வாரம் முழுக்க அம்மா எங்களிடம் பேசும் பேச்சு. ஞாயிற்றுக்கிழமையாவது இருப்பாரென்றால் "ஓ.டி." என்று கூடுதல் வேலைக்குக் கூப்பிட்டுவிடுவார்கள்.

என் தம்பி கதிருக்கு அப்போது மூன்று வயது நிரம்பியிருந்தது. அவன் அறிந்த அப்பா பெரும்பாலும் ஒரு முதுகு. முதுகு இல்லாத வேளைகளில் ஆணியில் தொங்கும் நீலச் சட்டை. சோறு ஊட்டும்போது அந்தச் சட்டையைக் கையால் காட்டி "அப்பாக்கு?" என்று கேட்பான். "அப்பா சாப்பிட்டாக, நீ சாப்புடு" என்பாள் அம்மா.

அம்மா "பார்ட் டைம்" வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தொழிற்சாலைகளில் பயிற்சிக்குச் சேர்ந்த வெளியூர்ப் பையன்களைத் தங்கவைத்திருந்த ஒரு விடுதி, எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது. அதன் பின்பக்கம் சமையல்கட்டும், அதை ஒட்டி நீளமான சாப்பாட்டுக் கூடமும். எல்லாவற்றுக்கும் சேர்த்து "மெஸ்" என்று பெயர். விடியும் முன் அம்மா அங்கே போவாள். மதியச் சமையலை முடித்துவிட்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வருவாள். துணி துவைத்து, பாத்திரம் கழுவி, கதிரைக் குளிப்பாட்டி, நான் வந்ததும் எனக்கு ஒரு வாய் போட்டு, மாலையில் மறுபடியும் ராத்திரிச் சமையலுக்குக் காய் வெட்டப் போவாள். பார்ட் டைம் என்றால் பாதி நேரம் என்று பள்ளியில் டீச்சர் சொல்லிக்கொடுத்தபோது, எங்கள் வீட்டில் அந்த இன்னொரு பாதி எங்கே இருக்கிறது என்று நான் வெகு நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு அவள் வேலைக்குப் போவதில் பிரியம் இல்லை. "பிள்ளைகளுக்கு ஒரு கொறை வந்துச்சுன்னா அன்னைக்கே நிப்பாட்டிரணும்" என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் அம்மாவுக்கு அந்த மெஸ் வேண்டியிருந்தது. ஊரில் பத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரிப் பேசிச் சிரித்து வளர்ந்தவள், இங்கே வந்து உறங்கும் மனிதருக்குப் பக்கத்தில் ரகசியக் குரலில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள். மெஸ்ஸில் அவளோடு சமைக்க இன்னும் சில பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் தலைவி எஸ்தர் அக்கா, பிள்ளைப்பாக்கத்துக்காரி. "அங்க போய் வாய் விட்டுச் சிரிச்சாத்தான்ட்டி எனக்கு ஒரு நாளு ஓடுது" என்று அம்மா ஒருமுறை, என்னிடமா தன்னிடமா என்று தெரியாதபடி, சொன்னாள். வீட்டில் அவள் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பு மெஸ்ஸில் செலவாகிவிடுகிறது என்று எனக்கு ஒரு பொறாமை இருந்தது.

ஒரு கார்த்திகை மாதத்து மழையில் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் விடுமுறை என்று டி.வி.யில் எழுத்து ஓடியது. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பிக்கொண்டிருக்கிறது என்று அதன் கீழேயே இன்னொரு வரி. நான் போர்வைக்குள் குதித்தேன். அம்மா முகத்தில் சந்தோஷம் இல்லை. பள்ளிக்கூடத்துக்குத்தான் விடுமுறை, கம்பெனிகளுக்கு இல்லை. கம்பெனிக்கு இல்லையென்றால் மெஸ்ஸுக்கும் இல்லை. அப்பாவுக்கு அந்த வாரம் ஏ ஷிப்ட், இருட்டோடு போய்விட்டிருந்தார். அப்படிப்பட்ட வாரங்களில் கதிரைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்கா ஊருக்குப் போயிருந்தாள். மற்ற நாளாக இருந்தால் அம்மா என்னையும் அவனையும் உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போயிருப்பாள். முன்பும் அப்படிச் செய்திருக்கிறாள். அன்றைக்கு வாசற்படிக்குக் கீழே தண்ணீர் மினுங்கிக்கொண்டிருந்தது. கையில் பூட்டோடு அந்தத் தண்ணீரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவள், "கெளம்புங்க" என்றாள்.

கதிரை இடுப்பில் இடுக்கி, முந்தானையால் அவன் தலையை மூடி, ஒரு கையில் குடையும் ஒரு கையில் நானுமாக அவள் நடந்தாள். புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு போகும் நீள லாரிகள் சாலையின் தண்ணீரை எங்கள் மேல் அள்ளி வீசிவிட்டுப் போயின. மெஸ்ஸின் பின்கதவு வழியாக நுழைந்தபோது மூவருமே தொப்பலாக இருந்தோம்.

எஸ்தர் அக்கா அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்துத் திகைத்துப்போனாள்.

"இன்னாடி முத்து, ரெண்டையும் இட்டுகினு வந்துகீற? இன்னிக்கி கம்பெனிலேர்ந்து செக்கிங் வராங்கோன்னு நேத்தே அந்தாளு சொன்னாருல்ல?"

"எங்கனக்கா விட்டுட்டு வர? வீட்டுக்குள்ள தண்ணி வருது."

அந்தாள் என்றது சூப்பர்வைசரை. சமையல்கட்டுக்குள் குழந்தைகள் வரக்கூடாது என்பது அங்கே பெரிய சட்டம். எங்கோ ஒரு மெஸ்ஸில் ஒரு குழந்தைமேல் கொதிக்கிற குழம்பு கொட்டிவிட்டதாம், அதற்குப் பிறகு அப்படி அழைத்துவரும் பெண்ணை அன்றைக்கே நிறுத்திவிடுவார்களாம். எஸ்தர் அக்கா ஒரு துண்டை எடுத்து எங்கள் இருவர் தலையையும் துவட்டி, அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் அடுக்கியிருந்த சாமான் அறைக்குள் எங்களை உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு துண்டு வெல்லம் கொடுத்துவிட்டுப் போனாள். அம்மா குனிந்து என் காதில் சொன்னாள்: "இதைவிட்டு வெளிய வந்துராதீங்க. வந்தா அம்மாவுக்கு இங்கன வேலை இருக்காது. நீதான் பெரியவ."

அந்த அறைக்குள் உட்கார்ந்து நான் முதன்முதலாக அம்மா வாய் விட்டுச் சிரிப்பதைக் கேட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் எஸ்தர் அக்கா ஏதோ சொல்ல, அம்மா உரக்க, மூச்சு வாங்கும்படி, சிரித்தாள். அவள் சிரிப்பது இப்படித்தான் இருக்குமா என்று இருந்தது எனக்கு. யாரோ வேறொருத்தி மாதிரி இருந்தாள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் மழை கொட்டும்போது அந்தச் சிரிப்பு மறைந்துவிடும், மழை ஓயும்போது மறுபடி வரும். கதிர் வெங்காயங்களை வரிசையாக வைத்து ரயில் விட்டான். ரயில் அலுத்ததும் அம்மா வேண்டும் என்றான். அதற்கு நான் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்த பிறகு, ஒண்ணுக்கு வருகிறது என்றான்.

அதற்கு மட்டும் என்ன செய்வது? கதவை மெதுவாகத் திறந்து, பின்னால் இருந்த சாக்கடையோரம் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்து பார்த்தால் சாப்பாட்டுக் கூடத்தின் பக்கவாட்டுக் கதவு தெரியும், அது திறந்திருந்தது. உள்ளே, நீள நீளமான மேஜைகளின் இருபுறமும், அடுத்த ஷிப்டுக்குக் கிளம்பும் பையன்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் நீலச் சட்டை. எங்கள் வீட்டு ஆணியில் தொங்கும் அதே நீலம்.

கதிர் ஒரு கணம் அசையாமல் நின்றான். அவன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். டவுசரைக்கூட ஏற்றிவிட விடாமல், "அப்பா!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினான்.

முதலில் அகப்பட்ட ஒரு நீலச் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தான். அந்தப் பையன் திரும்பினான். கதிர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, விட்டுவிட்டு, அடுத்த சட்டையைப் பிடித்தான். அவனும் திரும்பினான். சுற்றிலும் சிரிப்பு கிளம்பியது. யாரோ "டேய், உனக்கு எப்படா கல்யாணம் ஆச்சு?" என்று பக்கத்தில் இருந்தவனைக் கேட்டான். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. வீட்டைவிட்டு வந்த பையன்களுக்கு மழைநாளில் ஒரு குழந்தை கிடைத்த சிரிப்பு அது. ஆனால் கதிருக்கு அது எப்படித் தெரியும்? ஒவ்வொரு சட்டையாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே போனான், ஒவ்வொன்றிலிருந்தும் வேறு வேறு முகங்கள் திரும்பின. கூடத்தின் நடுவில் நின்று உதடு பிதுங்கி அழத் தொடங்கினான். நான் கதவருகே நின்றேன். உள்ளே போனால் அம்மாவுக்கு வேலை போய்விடும், போகாவிட்டால் தம்பி அழுகிறான். இரண்டு கால்களும் வெவ்வேறு பக்கம் இழுக்க, நின்றுகொண்டே இருந்தேன்.

கடைசி மேஜையிலிருந்து ஒல்லியாக ஒருவர் எழுந்து வந்தார். எச்சில் கையைப் பின்னால் மடித்துக்கொண்டு இடது கையாலேயே கதிரைத் தூக்கினார்.

"ஏல, அழாதல. அப்பாவத் தேடுதியா? இந்தா, வந்துருவாக."

அது எங்கள் பக்கத்துப் பேச்சு. அப்பா பேசுகிற பேச்சு. கதிர் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. குரலைக் கேட்டான், சட்டையைப் பார்த்தான், தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அழுகை நின்றது.

அந்த நேரம் பார்த்து முன்கதவு வழியாகச் சூப்பர்வைசர் வந்தார். அவர் பின்னால் கம்பெனியிலிருந்து செக்கிங் வந்த இரண்டு பேர், கழுத்தில் அட்டையோடு.

"யாரு கொயந்த இது? உள்ள வுட்டது யாரு?"

தட்டுகளிலிருந்து தலைகள் நிமிர்ந்தன. மழைக்கு ஆட்கள் குறைவாக வந்திருந்ததால் அன்றைக்கு அம்மாவே பரிமாறவும் வந்திருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நடு வரிசையில், சமையல்கட்டிலிருந்து அந்த நிமிடம்தான் வந்தவளாய், ஒரு கையில் சாம்பார் வாளியும் மறு கையில் கரண்டியுமாக அவள் நின்றுகொண்டிருந்தாள். சூப்பர்வைசரைப் பார்த்தாள். தனக்கு முதுகு காட்டி யாரோ ஒருவர் தோளில் கிடந்த மகனைப் பார்த்தாள். அப்புறம் கதவுப்பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். எங்கள் கண்கள் சந்தித்தன. அவள் தலையை மிகச் சிறிதாக, வேறு யாருக்கும் தெரியாத அளவுக்கு, ஆட்டினாள். வராதே என்று. நீ யாரோ நான் யாரோ என்று. பிறகு குனிந்து, எதிரில் இருந்த தட்டில் சாம்பார் ஊற்றினாள்.

எனக்குப் புரிந்தது. எந்த அளவுக்குப் புரிந்தது என்றால், அழுகைகூட வரவில்லை. ஓர் அடி பின்னால் வைத்துக் கதவு நிழலுக்குப் போய்விட்டேன். கூரையிலிருந்து வழிந்த தண்ணீர் என் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் ஓர் ஊரும் ஒரு வீடும் இருக்கும், எனக்கு மட்டும் யாரும் இல்லை என்பது போலிருந்தது. அம்மாமேல் கோபம் வரவில்லை. அவளோடு இருந்த ஏதோ ஒன்று அறுந்து, நான் தனியாக மிதப்பதுபோல் இருந்தது.

"எங்க அக்கா மவன் சார்" என்று அந்த ஒல்லியான மனிதரின் குரல் கேட்டது. "ரூம்ல தண்ணி வந்துட்டு, அதான் கூட்டிட்டு வந்தேன். இந்தா, கொண்டு விட்டுருதேன்."

"மெஸ்ஸா இது, உங்க ஊட்டு கல்யாண மண்டபமா? மொதல்ல வெளிய இட்டுனு போ!"

அவர் கதிரைத் தூக்கிக்கொண்டு அம்மாவைக் கடந்து, அவளைப் பார்க்காமல், என்னையும் கடந்து வெளியே வந்தார். போகிறபோக்கில் கண்ணால் என்னைக் கூப்பிட்டார். சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் எங்களை நிறுத்திவிட்டுத் திரும்பிப் போய், இரண்டு அப்பளங்களோடு வந்தார். கையில் இருந்த சோறு காய்ந்துபோயிருந்தது, அவர் சாப்பாடு பாதியில் கிடந்தது. யார் பிள்ளைகள் என்று அவர் என்னிடம் கேட்கவே இல்லை. அம்மாவின் முகத்தையும் என் முகத்தையும் பார்த்தவருக்குக் கேட்கத் தேவை இருந்திருக்காது. கதிர் அப்பளத்தைக் கடித்துக்கொண்டு அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். கம்பெனிப் பேருந்து வந்து நின்றது. "தம்பியப் பாத்துக்கம்மா" என்று அவனை என் கையில் இறக்கிவிட்டு ஓடிப்போய் ஏறினார். ஜன்னல்களெல்லாம் நீலமாக இருந்த அந்தப் பேருந்து மழைக்குள் போய் மறையும் வரைக்கும் கதிர் "டாட்டா அப்பா, டாட்டா அப்பா" என்று கையாட்டிக்கொண்டிருந்தான்.

எல்லாம் கழுவித் துடைத்த பிறகு அம்மா வந்தாள். கதிரை வாங்கிக்கொண்டாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள், வழக்கத்தைவிட இறுக்கமாக. வீடு வரைக்கும் விடவில்லை. வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் இருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளி வாளியாக அவள் மொண்டு ஊற்றினாள். பாய்களை உதறிக் கொடியில் போட்டாள். அடுப்பை மேடைமேல் ஏற்றி ரசம் வைத்தாள். என் ஈரச் சடையை அவிழ்த்து, துடைத்து, மறுபடி பின்னிவிட்டாள். நிமிர்ந்து நிற்க அவளுக்கு நேரம் இல்லை. நேரம் இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாளோ என்று பிற்பாடு நான் நினைத்ததுண்டு.

அப்பா நனைந்தபடி வந்து சேர்ந்தார். கதிர் தாவிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டான்.

"அப்பா, நீ என்னத் தூக்குனல்ல? அப்பளம் தந்தல்ல?"

"நானா? எப்பல?" என்று அப்பா அம்மாவைப் பார்த்தார்.

அம்மா ரசத்தை இறக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "கனாக் கண்டுருப்பான். மத்தியானம் நல்லா உறங்குனான்" என்றாள்.

அப்பா சிரித்தார். கனவிலாவது மகனைத் தூக்கியிருக்கிறோம் என்று அவருக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். "ஆமால, நாந்தான் தந்தேன். நல்லா இருந்துச்சா?" என்று அவனைத் தூக்கி நெஞ்சில் போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் இருவரும் உறங்கிப்போனார்கள். அம்மா குடையை எடுத்துக்கொண்டு மறுபடியும் காய் வெட்டக் கிளம்பினாள். வாசலில் நின்று என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நான் உதட்டில் விரலை வைத்து, சத்தம் போடமாட்டேன் என்று ஜாடை காட்டினேன். உறங்குகிறவர்களைப் பற்றி என்று அவள் நினைத்திருக்கலாம்.

இன்று அந்த மெஸ் இல்லை. அந்த இடத்தில் கண்ணுக்கு எட்டியவரை தகரச் சுவர் வைத்த ஒரு கிடங்கு நிற்கிறது, அதன் முன்னால் லாரிகள் முறை காத்து நிற்கின்றன. லைன் வீட்டை இடித்து அடுக்கு வைத்துக் கட்டிவிட்டார்கள். எஸ்தர் அக்கா மகனோடு எங்கோ போய்விட்டாளாம். நான் மறைமலை நகரில் இருக்கிறேன். ஒரு பள்ளியில் காலை வகுப்புகள் மட்டும் எடுத்துவிட்டு, மதியம் குழந்தைகள் காப்பகத்திலிருந்து என் மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிறவள். அவளுக்குத் தலை பின்னுவதற்கு எனக்கும் பொழுது விடியும் முன்தான் நேரம் கிடைக்கிறது.

போன பொங்கலுக்கு எல்லோரும் அம்மா வீட்டில் கூடியிருந்தோம். கதிர் இப்போது ஒரு தொழிற்சாலையில் சேர்ந்திருக்கிறான். சாப்பிடும்போது அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே என் கணவரிடம் சொன்னான்: "எனக்கு ஞாபகம் இருக்கிற முதல் விஷயமே இதுதான் அத்தான். ஒரு பெரிய ஹால். ஒரே கூட்டம். அப்பா என்னைத் தூக்கி வெச்சிக்கிட்டு அப்பளம் குடுக்கிறார்." அப்பா தலையாட்டினார். "ஆமா, அன்னைக்கு நல்ல மழை" என்றுகூடச் சேர்த்துக்கொண்டார்.

பாத்திரங்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனபோது அம்மா என் பின்னாலேயே வந்தாள். கதவை லேசாகச் சாத்தினாள். "ஒண்ணு சொல்லுதேன், யாருகிட்டயும் சொல்லாத" என்று தொடங்கினாள். "அது உங்கப்பா இல்லட்டி."

முழுவதையும் சொன்னாள். மழையை, சாமான் அறையை, சூப்பர்வைசரை, சாம்பார் வாளியை. அந்தப் பையன் யாரோ எவரோ, இப்போது எங்கே இருக்கிறானோ, பேர்கூடக் கேட்கவில்லை என்று சொன்னாள். "யாரு கொழந்தைன்னு கேட்டாம் பாரு, எனக்கு வாயத் தொறக்க முடியலட்டி. பெத்தவ நான் நிக்கேன், எவனோ எங்க அக்கா மவன்னு சொல்லுதான்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எத்தனை வருஷங்களாக நான் காத்திருந்த பேச்சு அது. என் இடம் எப்போது வரும், கதவுப்பக்கம் அவள் எப்போது திரும்புவாள் என்று மூச்சைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் திரும்பவில்லை. கதை கதவைத் தாண்டி நேரே கொட்டகைக்குப் போய்விட்டது.

"அம்மா, நான் அப்ப…" என்றேன்.

"நீ ஸ்கூலுக்குல்லா போயிருந்த" என்று என் கன்னத்தைத் தொட்டாள். "அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல். நல்ல வேளை, நீ அதையெல்லாம் பாக்கல."

அன்றைக்குப் பள்ளிக்கூடமே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஈரம் காயாத கண்ணோடு அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா, நான் ஸ்கூலுக்குப் போயிருந்தேன்" என்றேன்.